ஆளி விதை சேகரிக்க ஏற்ற தருணம்

நெல்லுக்கு நாற்று போல, உப்பங்கழியில் ஆளி வளர்ப்போருக்கு விதை தேவை. ஆளி என்பது உண்ணத்தக்க சிப்பி. முட்டையிலிருந்து வரும் அதன் குஞ்சு 15 முதல் 20 நாட்கள் வரை நீரில் நீந்தித் திரியும். பின்னர் அதற்குக் கரிய கண்புள்ளியும் சிறு பாதமும் தோன்றும். அப்போது அதன் அளவு சுமார் 0.3 மில்லிமீட்டர்தான்.

பாதத்தால் ஊர்ந்து குஞ்சு இடம் தேடும். கடினமான, வண்டல் படியாத பரப்பே அதற்கு ஏற்றது. மூத்த ஆளிகள் உள்ள இடத்தைப் பெரிதும் நாடும். இடம் பிடித்துவிட்டால் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஆயுள் முழுதும் நகராது. இடம் கிடைக்காதவை மடிந்துவிடும்.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளில் விதை சேகரித்தனர். பூச்சு இருப்பதால் விதையைச் சேதமின்றிப் பெயர்த்தெடுக்கலாம். காலிச் சிப்பிகளைத் துளையிட்டு, கயிற்றில் கோத்தும் தொங்கவிடலாம்.

தருணமே முக்கியம். முன்கூட்டியே இறக்கினால் ஓடுகளை வண்டலும் பாசியும் மூடிவிடும். தாமதித்தால் விதை கிடைக்காது. நீரில் கண்புள்ளிக் குஞ்சுகள் மிகுந்துள்ளனவா என நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். எனவே, வளர்ப்போர் மீன்வளத் துறையினரிடம் நீரைச் சோதித்துக்கொண்டு ஓடுகளை இறக்குதல் நலம்.