நீரை வளர்த்தால் மீன் வளரும்: அந்தமானில் நன்னீர் மீன் வளர்ப்பு

நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்தமான் தீவுகளில் குளத்து மீனுக்குத் தேவை உண்டா என்னும் ஐயம் எவருக்கும் எழக்கூடும். உண்டு என்பதே விடை. 1949ஆம் ஆண்டு முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து இங்குக் குடியேறிய குடும்பங்கள் தலைமுறைகளாக நன்னீர் மீனை விரும்பி உண்பவை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையிலேயே நிற்கும் நாள்களில் குளத்து மீனின் மதிப்பு மேலும் உயர்கிறது.

இத்தொழிலுக்குக் கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு நாம் முதலில் கூற விரும்புவது ஒன்றே: மீனை வளர்ப்பதற்கு முன் நீரை வளர்த்தல் வேண்டும். நீர் கெட்டால், பல மாத உழைப்பும் முதலீடும் ஓரிரவில் அழிந்துவிடும்.

மழையும் குளமும்

இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனினும், அதன் பெரும்பகுதி மே முதல் டிசம்பர் வரையிலேயே கிடைக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி நிலவும். ஆகவே, குளத்தின் அளவை ஜூலை மாத வெள்ளத்தைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. ஏப்ரலில் எஞ்சும் நீரைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். களிமண் பாங்கான இடத்தில் 1.5 முதல் 2 மீட்டர் ஆழ நீர் நிற்குமாறு குளம் அமைப்பது நலம். மிகுதி நீர் வெளியேறும் குழாய்க்கு வலை கட்டாவிடில், ஒரு பெருமழையில் மீன்கள் ஓடைக்குச் சென்றுவிடும்.

மண்ணும் சுண்ணாம்பும்

பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் செல்வதால், இங்குள்ள நிலம் பல இடங்களில் அமிலத்தன்மை உடையது. மீன்களுக்கோ நீரின் கார அமில நிலை 7 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். பொதுவாக ஹெக்டேருக்கு 200 முதல் 500 கிலோ சுண்ணாம்பு இடப்படுகிறது; அமிலம் மிகுந்த மண்ணுக்கு இதனினும் கூடுதலாகத் தேவைப்படும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த தாழ்நிலங்களில் உப்பின் அளவையும் ஆராய வேண்டும். ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை இதற்கு அணுகலாம்.

சுண்ணாம்பு இட்டு ஒரு வாரம் கழித்துச் சாணம் இட்டால், நுண்ணிய மிதவை உயிர்கள் பெருகி நீர் இளம்பச்சை நிறம் பெறும். முழங்கை வரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிவதே சரியான நிலை. இம்மிதவை உயிர்களே மீன்களின் முதல் உணவு.

மூன்று மட்டம், மூன்று மீன்

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியிடாது என்பதே கூட்டு மீன் வளர்ப்பின் அடிப்படை. 1,000 சதுர மீட்டர் குளத்தில் 600 குஞ்சுகளை விட எண்ணினால், 4:3:3 விகிதப்படி கட்லா 240, ரோகு 180, மிர்கால் 180 எனப் பிரிக்கலாம். தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஒருபோதும் வளர்த்தல் ஆகாது.

இக்கெண்டை இனங்கள் தீவின் ஓடைகளுக்கு உரியவை அல்ல. ஆதலின் குளம் ஆயத்தமாகும் காலத்தைக் கணக்கிட்டுக் குஞ்சுகளுக்கு முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும். குஞ்சுகள் வந்ததும் பையைத் திறவாமல் 15 நிமிடம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, பின்னர் சிறிது சிறிதாகக் குளத்து நீரைக் கலந்து விடுக.

உணவும் காற்றும்

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு நாள்தோறும் இடலாம். குளத்தில் 100 கிலோ மீன் இருப்பின் 2 முதல் 3 கிலோ போதும். மிகுந்த உணவு அழுகி நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால், உணவையும் உரத்தையும் உடனே நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுக.

கடனும் அறுவடையும்

மீன் வளர்ப்போரும் கிசான் கடன் அட்டை பெறலாம். 2020இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ்த் தகுதியுள்ள தனிப் பயனாளிகளுக்குத் திட்ட அலகுச் செலவில் 40 விழுக்காடும், மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. விண்ணப்பிக்குமுன் நடப்பு விதிகளை மீன்வளத் துறையில் உறுதி செய்துகொள்க.

ஜூன், ஜூலையில் விட்ட குஞ்சுகளில் பெரியவற்றை ஜனவரி முதல் பிடிக்கத் தொடங்கினால், நீர் குறையுமுன் அறுவடை முடியும். தவணைகளும் அம்மாதங்களை ஒட்டியே அமைதல் நலம். எனவே, கடனுக்கு வரும்போது குளத்தின் அளவோடு, ஏப்ரலில் அதில் எவ்வளவு நீர் நிற்கும் என்னும் கணக்கையும் எழுதிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.