முகத் தழும்புக்கு லேசர்: நாள் குறிப்பதற்கு முன்

முகத் தழும்புகளுக்காக எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரில் பலர் கையில் ஒரு தேதியுடன் வருகின்றனர். தையில் திருமணம், வைகாசியில் நிச்சயதார்த்தம், அடுத்த மாதம் புதிய வேலை. "அதற்குள் லேசர் செய்து முடித்துவிடலாமா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. உடன் வந்திருக்கும் தாயோ அக்காவோ கைப்பேசியில் இரு படங்களைக் காட்டுவார். ஒன்றில் குழிகள் நிறைந்த கன்னம். மற்றொன்றில் கண்ணாடி போன்ற கன்னம். இரண்டுக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிந்தன என்பது அப்படங்களில் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த மாதங்களைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

பருவோ அம்மைக் கொப்புளமோ ஆழமாகப் புண்ணாகி ஆறும்போது, அடித்தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் சிதைகின்றன. தாங்கிப் பிடிக்க ஏதுமின்றி மேற்பரப்பு உள்வாங்குவதால் குழி உண்டாகிறது. மேலே பூசும் களிம்பு அக்குழியை நிரப்பாது. லேசரும் நேரடியாக அதனை நிரப்புவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. லேசர் செய்வது, அளவறிந்து ஒரு புதிய காயத்தை உண்டாக்குவது மட்டுமே. அக்காயத்தை ஆற்றும் முயற்சியில் தோல் தானே புதிய கொலாஜனை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே பலன் மறுநாள் தெரிவதன்று. மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மெல்ல மெல்லக் கூடிவருவது.

இச்சிகிச்சையில் பெரிதும் பயன்படும் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் ஒளி 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. தோலில் உள்ள நீர் அவ்வொளியை உறிஞ்சி நொடியில் ஆவியாகிவிடுவதால், பட்ட இடத்தில் திசு அகற்றப்படுகிறது. 2,940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் லேசரை நீர் இன்னும் பன்மடங்கு உறிஞ்சுகிறது. அதனால் சுற்றியுள்ள திசுவில் தங்கும் வெப்பம் குறைவு.

தொண்ணூறுகளில் முகத்தின் மேல்தோல் முழுவதையும் ஒரே அமர்வில் நீக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. வெண்ணிறத் தோலினருக்கே வாரக்கணக்கில் முகம் சிவந்திருந்தது. மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் அம்முறை எளிதில் பரிந்துரைக்கத் தக்கதாக இருக்கவில்லை. 2004-இல் பாஸ்டன் நகர மருத்துவ ஆய்வாளர்கள் ஃப்ராக்ஷனல் முறையை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறியது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல, ஒளியை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து இடைவெளி விட்டுச் செலுத்துவது இம்முறை. புள்ளிகளுக்கு இடையே தீண்டப்படாமல் நிற்கும் நல்ல தோல், காயங்களை விரைந்து மூடிவிடுகிறது. இன்று எங்கள் பிரிவில் செய்வதும் இதுவே.

இருப்பினும் நம் தோலுக்கு ஓர் இயல்பு உண்டு. சூடோ கீறலோ கொசுக்கடியோ, எதுவாயினும் புண் ஆறிய இடத்தில் கருமையை விட்டுச்செல்லும். நிறமியைச் சுரக்கும் அணுக்கள் அழற்சியைக் கண்டால் விழித்துக்கொள்வதே காரணம். லேசரும் ஒரு காயமே என்பதால், சிகிச்சை முடிந்த மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் இக்கருமை தலைகாட்டக்கூடும்.

இதனை நாங்கள் நூலில் மட்டும் படித்து அறிந்தோமில்லை. எங்கள் தொடக்க ஆண்டுகளில் ஒரு சித்திரை மாதத்தில், நாள் முழுவதும் இருசக்கர வாகனத்தில் அலைந்து விற்பனைப் பணி செய்யும் இளைஞர் ஒருவருக்குக் கன்னத் தழும்புகளுக்காக லேசர் செய்தோம். வெயிலில் செல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினோம். ஆனால் அவரது வேலையே வெயிலில்தான் என்பதைக் கேட்டறிந்து, சிகிச்சையை மழைக்காலத்துக்குத் தள்ளிவைத்திருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. நான்காம் வாரம் இரு கன்னங்களிலும் கட்டம் கட்டமாகக் கருமையுடன் வந்து நின்றார். உடன் வந்த அவருடைய தாய், "குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் டாக்டர், இந்தக் கருப்பை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார். அது மறைய ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் அவர் உறவினர் வீட்டு விசேஷம் எதற்கும் செல்லவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். முகத்தில் வரும் கருமை தோலோடு நிற்பதில்லை.

அன்று முதல், இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் கேட்கும் கேள்விகளை நீட்டிக்கொண்டோம். வேலை எங்கே, எந்த வாகனத்தில் செல்கிறீர்கள், முன்பு காயம் பட்ட இடங்கள் கறுத்தனவா, புடைத்துத் தடித்தனவா என்று கேட்கிறோம். தடித்த தழும்பு வரும் இயல்புடையவர்களுக்கும், வெண்புள்ளிகள் பரவிவரும் நிலையில் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கருவுற்ற பெண்களைக் காத்திருக்கச் சொல்கிறோம். உதட்டில் அவ்வப்போது அக்கிக் கொப்புளம் வருமாயின், லேசரின் பின் அது முகமெங்கும் பரவாமலிருக்க முன்கூட்டியே மாத்திரை தருகிறோம். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொண்டவர்கள் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். முன்பு ஆறு மாதங்கள் இடைவெளி விடுவது விதியாக இருந்தது. இன்று அவ்விதி தளர்ந்துள்ளது. எனினும் முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும். புதிய பருக்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அவற்றை அடக்க வேண்டும். கூரை ஒழுகும்போது சுவருக்கு வண்ணம் பூசுவதில் பயனில்லை அல்லவா?

நோயாளிகள் மறைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி, மாதக்கணக்கில் பூசிவரும் 'சிவப்பழகு' களிம்பு. அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முகம் சில நாள் வெளுத்து, பின் தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் சிவந்து பொங்கும். இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று நடுவணரசு 2018-இல் விதி செய்தும், பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அந்நிலையில் உள்ள தோலின் மீது லேசர் செய்வது ஆபத்து. எனவே கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம். நிறத்தை வெளுப்பாக்கும் சிகிச்சை இதுவன்று என்பதையும் இங்கேயே கூறிவிடுகிறோம்.

எல்லாக் குழிகளும் ஒரே வகையல்ல. ஊசியால் குத்தியதுபோல் ஆழ்ந்த சிறு குழிகளுக்கு அமிலப் புள்ளியிடல் நன்கு உதவும். அலைபோல் பள்ளமான தழும்புகளில், அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை முதலில் ஊசியால் விடுவிக்க வேண்டும். விளிம்பு தெளிவான, ஆழம் குறைந்த குழிகளே லேசருக்கு நன்கு இணங்குபவை. பெரும்பாலோர் முகத்தில் இவை கலந்தே காணப்படுவதால் சிகிச்சையும் கலந்தே அமைகிறது.

சிகிச்சை நாளில் அச்சம் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்கச் செய்வோம். கண்களுக்குக் காப்பு அணிவிப்போம். சுருக் சுருக்கென்று சூடு தெரியும். அன்று மாலை முகம் வீங்கிச் சிவந்திருக்கும். மறுநாள் முதல் தவிட்டு நிறத்தில் பொருக்கு கட்டி, ஐந்து முதல் ஏழு நாட்களில் தானே உதிரும். அதனைப் பிய்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், பாட்டி சொன்ன பற்று எதுவும் அந்நாட்களில் வேண்டாம். நாங்கள் தரும் களிம்பு மட்டும் போதும். பொருக்கு உதிர்ந்ததும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில்காப்புப் பூச்சு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. குடையும் தொப்பியும் அதற்குத் துணை. காய்ச்சலோ சீழோ, நாளுக்கு நாள் கூடும் வலியோ இருப்பின் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே வர வேண்டும்.

பொதுவாக மூன்று அல்லது நான்கு அமர்வுகள் தேவைப்படும். இரண்டு அமர்வுகளுக்கு இடையே ஆறு வாரங்களேனும் விடுகிறோம். கணக்கிட்டுப் பாருங்கள். தையில் திருமணம் எனில், அதற்கு முந்தைய தையிலேயே வந்துவிடுவது நல்லது. ஒரு மாதமே எஞ்சியிருக்கும் மணமகளுக்கு நாங்கள் லேசர் செய்வதில்லை. மறுத்தால் சிலர் வருந்திச் செல்கின்றனர். சிலர் திருமணம் முடிந்து நிதானமாகத் திரும்பி வருகின்றனர். சிகிச்சை முடிந்த பின்னும் குழிகள் ஆழம் குறையுமேயன்றி, அடியோடு மறையும் என்று எவரும் உறுதியளிக்க இயலாது.

செலவைப் பொறுத்தவரை, அழகியல் சிகிச்சையாகக் கருதப்படுவதால் மருத்துவக் காப்பீட்டில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆகவே மொத்த அமர்வுகளுக்கான தொகையை முதல் நாளே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

முதல் சந்திப்புக்கு வரும்போது முகப்பூச்சு ஏதுமின்றி வாருங்கள். வீட்டில் பூசிவரும் களிம்புகள் அனைத்தையும், காலியான குழாய்கள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். காதோரம் சிறிய இடத்தில் சோதனைப் புள்ளிகள் இட்டு, நான்கு வாரங்கள் கழித்து அவ்விடத்தைப் பார்த்த பின்னரே முகத்துக்கு நாள் குறிப்போம்.