சுமப்பது டயரா, காற்றா?

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையில் ஒரு மாலை வேளையில் நின்று பாருங்கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த வாழைத்தார்களைச் சுமந்துகொண்டு சிறு சரக்கு வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவ்வளவு பாரத்தையும் தாங்குவது எது? 'டயர்' என்பீர்கள். பெரும்பகுதியைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டுள்ள காற்று! அந்தக் காற்றைச் சிதறவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பைதான் டயர். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவரான டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தியது முதல் இதே கதைதான்.

சென்ற கோடையில் எங்கள் தெருவில் வேன் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னையும் டயர் கடைக்கு அழைத்துப் போனார். பின்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் வேண்டும். கடைக்காரர் இரு வகை டயர்களை எடுத்து வைத்தார். ஒன்று விலை குறைவு. இரண்டும் அதே ரிம்மில் பொருந்தும்.

"ரெண்டும் ஒண்ணுதான சார்? எதுக்கு வீணா கூட துட்டு குடுக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, எழுத்தைப் படிச்சிருவோம்" என்றேன்.

டயரின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எழுத்துகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விலை கூடிய டயரில் '145 ஆர் 12 எல்.டி. 86/84' என்றிருந்தது. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 'எல்.டி.' என்பது இலகு ரகச் சரக்கு வண்டிக்குரியது என்பதன் சுருக்கம். மலிவான டயரில் '145/80 ஆர் 12 74' என்றிருந்தது. அதாவது, பக்கவாட்டின் உயரம் அகலத்தில் 80 சதவீதம். இது கார் டயர். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இராது.

வேறுபாடு கடைசி எண்ணில் இருக்கிறது. அது பாரக் குறியீட்டு எண். ஒரு டயர் அதிகபட்சமாக எவ்வளவு சுமக்கலாம் என்பதை அது சொல்கிறது:

74 – 375 கிலோ
84 – 500 கிலோ
86 – 530 கிலோ
90 – 600 கிலோ

86/84 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது ஒற்றை டயருக்கு. இரண்டாவது இரட்டை டயராகப் பூட்டும்போது ஒவ்வொன்றுக்கும்.

இப்போது கணக்குப் போடுவோம். தார் ஏற்றிய வேனின் பின்சக்கரங்கள் இரண்டின் மீதும் 900 கிலோ இறங்குவதாகக் கொள்வோம். ஒரு டயருக்கு 450 கிலோ. வேன் டயரின் எல்லை 530, தாங்கும். கார் டயரின் எல்லை 375, தாங்காது. ரிம்மில் பொருந்திவிட்டது என்பதால் பாரத்துக்கும் பொருந்திவிட்டது என்று ஆகுமா?

அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். டயருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 4.5 கிலோ அழுத்தம் இருந்தால், 450 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர் பரப்பு சாலையைத் தொட்டால் போதும். உங்கள் உள்ளங்கை அளவுதான்! காற்றடிக்கும் கடையில் இந்த அழுத்தத்தை '64 பவுண்டு' என்பார்கள். அழுத்தம் 3 கிலோவாகக் குறைந்தால் 150 சதுர சென்டிமீட்டர் தேவைப்படும். அதற்காக டயர் தரையில் இன்னும் அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி வளையும்.

இந்த டயரின் சுற்றளவு சுமார் 1.7 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுழலும்; ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை வளைந்து நிமிரும். ஒரு மெல்லிய கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயரிலும் வளைவில் செலவான ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. அதிக பாரமும் குறைந்த காற்றும் சேர்ந்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் உள்ள பிணைப்பு விட்டுப் போகும். முடிவில் டயர் வெடிக்கும்.

"வெயில் காலம், காற்றைக் குறைச்சு வைங்க" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. காலையில் 27 டிகிரி செல்சியஸில் 64 பவுண்டு இருந்த டயர் ஓடிச் சூடாகி 57 டிகிரியை எட்டினால், கெல்வின் அளவில் 300லிருந்து 330 ஆகிறது. பத்தில் ஒரு பங்கு உயர்வு. வாயு மண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மானி ஏறத்தாழ 72 காட்டும். நல்ல டயர் இந்த உயர்வைத் தாங்கும்படியே செய்யப்பட்டது. அதைக் கண்டு காற்றை இறக்கினால் வளைவும் வெப்பமும் இன்னும் கூடும். ஆகவே, வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும்.

"அப்படின்னா இன்னும் பெரிய டயராவே போட்டுருவோமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. அதுவும் சரியன்று. 54 சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பதில் 57 சென்டிமீட்டர் போட்டால், ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். வேகமானியோ சுற்றுகளைத்தான் அறியும். அது 60 காட்டும்போது உண்மை வேகம் 63. அதோடு ஆரம் கூடுவதால் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறையும். செங்கோட்டை தாண்டிப் புளியரை மேட்டில் சரக்குடன் ஏறும்போது எஞ்சின் திணறும். வண்டியைச் செய்தவர்கள் குறித்த அளவு, அந்த அளவில் போதிய பாரக் குறியீடு: இவ்விரண்டும் வேண்டும்.

அண்ணாச்சி 86/84 டயர்களையே வாங்கினார். துட்டு கூடத்தான் ஆயிற்று.

நாளை உங்கள் பள்ளி வேன் நிற்கும்போது, ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு டயரைப் படியுங்கள். நான்கு டயர்களின் பாரக் குறியீடுகளைக் குறித்து, கிலோவாக மாற்றிக் கூட்டுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். நான்கு இலக்கத் தேதி எண்ணையும் தேடுங்கள். '2324' என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நீங்கள் கூட்டிய தொகை மொத்த எடையைவிடக் குறைவாக இருந்தால், அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.