இடுப்பை மறங்க... முட்டியைக் கவனிங்க!

சல்சா ஆடுற ஜோடியைப் பார்த்ததும், ‘நமக்கெல்லாம் இடுப்பு இப்படி வளையாதுப்பா’னு சுவர் ஓரமா ஒதுங்குற ஆளா நீங்க? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குத்தான். முதல்ல எழுந்து நில்லுங்க பாஸ்... நிஜமாத்தான்!

ரெண்டு பாதமும் தரையில அழுத்தமா இருக்கட்டும். கைகளை இடுப்புல வைங்க. இடது முட்டியை லேசா மடக்கி, வலது காலை நிமிர்த்துங்க. வலது பக்க இடுப்பு மேலே ஏறுதா? இப்போ கால் மாத்திப் பண்ணுங்க. அவ்வளவுதான்... ‘க்யூபன் மோஷன்’னு சொல்ற அந்த ஆட்டத்தோட அடிப்படையே இதுதான். இடுப்பை யாரும் ஆட்டுறதில்லை. முட்டியும், ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறுற உடல் எடையும் சேர்ந்துதான் ஆட்டுது!

கத்துக்குட்டி Vs கில்லாடி

சல்சாவுக்கு 8 எண்ணிக்கை. 1, 2, 3-க்கு ஸ்டெப், 4-ல நிறுத்தம். திரும்ப 5, 6, 7, 8-ல நிறுத்தம். புதுசா ஆடுறவங்க நடக்குற மாதிரியே குதிகாலை முதல்ல ஊன்றி, நீளமா எட்டு வைப்பாங்க. எடை ரெண்டு காலுக்கும் நடுவுல மாட்டிக்கும். அடுத்த ஸ்டெப் லேட்டாகும். தலை மேலும் கீழும் குதிக்கும்.

கைதேர்ந்தவங்க உடம்புக்குக் கீழேயே சின்னதா அடி வைப்பாங்க. மடங்கின முட்டியோட முன்பாதம் முதல்ல தரையைத் தொடும், எடை வந்து உட்காரும், முட்டி நிமிரும், குதிகால் இறங்கும். நாலாவது எண்ணிக்கையில அவங்க சும்மா நிக்கலை... எடை அப்போதான் முழுசா ஒரு பக்கம் சேருது. இடுப்புக்குக் கீழே இவ்வளவு நடந்தாலும் தலையும் தோளும் அமைதியா இருக்கும்.

1950-களில் ஹவானாவில் என்ரிக் ஹோரின் உருவாக்கின ‘ச்சா ச்சா ச்சா’வுக்குப் பேர் வந்ததே, ஆடுறவங்க ஷூ தரையில உரசின சத்தத்தாலதான்னு சொல்வாங்க. காலைத் தூக்கித் தூக்கி வெச்சா அந்தச் சத்தம் வருமா?

விறைச்சுப்போறது தப்பில்லை!

‘பிராக்டீஸ்ல மரக்கட்டை மாதிரி நிக்கிறேனே’னு நொந்துக்காதீங்க. 1920-களில் மாஸ்கோவில் சுத்தியல் அடிக்கிற தொழிலாளர்களோட அசைவுகளை ஆராய்ஞ்சவர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன். உடம்புல இத்தனை மூட்டுகளை ஒரே நேரத்துல கட்டுப்படுத்துறது மூளைக்குப் பெரிய வேலைங்கிறது அவர் சொன்ன விஷயம். அதனால புதுசா ஒண்ணு கத்துக்கும்போது பல மூட்டுகளை இறுக்கிப் பூட்டிடுறோம். பழகப் பழகப் பூட்டு ஒவ்வொண்ணா திறக்கும். ஸோ, விறைப்பு உங்க தகுதிக்குக் கிடைச்ச மார்க் இல்லை. பாடத்தோட முதல் பக்கம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. தரையைக் கவ்வுற ரப்பர் ஷூ போட்டுட்டு வேகமா சுழலாதீங்க. பாதம் ஒட்டிக்கும், உடம்பு திரும்பும், நடுவுல முறுக்கு வாங்குறது முட்டி. அது மடங்கி நிமிரத்தான் பெரும்பாலும் ஏத்தது. லத்தீன் ஷூக்களோட அடியில வழுக்கும்படியா மெல்லிய தோல் வைக்கிறது அதுக்காகவும்தான்.

இன்னிக்கு ராத்திரி ரூம் கண்ணாடி முன்னாடி மெதுவா பத்து நிமிஷம்... எட்டு சின்னதா, தலை ஆடாம. முதல்ல பூட்டு திறக்கட்டும், வேகம் பின்னாடியே வரும்!