கூடாரமும் தடுப்புக் கட்டையும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தெருவை அடைப்பது நேற்று வந்த பழக்கமல்ல. பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசைகளில், பெட்டாலிங் ஜெயாவின் பழைய செக்‌ஷன்களில், கிள்ளான் பண்டமாரானில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை தெரு அடிக்கடி அடைபட்டது. அடைத்தது கூடாரம்.

கல்யாண வீட்டு வாசல் சின்னது. வருகிற கூட்டமோ பெரியது. ஆகவே கூடாரம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கும். இரும்புக் கம்பிகள் நிற்கும், மேலே தார்ப்பாய் விரியும், வாடகை நாற்காலிகள் வந்து குவியும். ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் ஒலிபெருக்கி. சாவு வீட்டுக்கும் அதே கூடாரம்தான். சீனர் வீட்டில் துக்கம் என்றால் அவர்கள் கூடாரம் சில இரவுகள் நிற்கும். மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்துக்கு ஒரு பகல். போலீசிடமும் ஊராட்சி மன்றத்திடமும் சொல்லிவிட்டுச் செய்தவர்கள் உண்டு, சொல்லாமல் செய்தவர்கள் அதைவிட அதிகம். ஆனால் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் யாரும் செய்ததில்லை. முந்தின நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்குக் காலையில கார் எடுக்கணும்னா இப்பவே அந்தப் பக்கம் நிறுத்திடுங்க அங்கிள், சாப்பிடவும் வந்துடுங்க" என்பார்கள். வழி அடைபட்டவருக்குப் பந்தியில் ஓர் இடம் உண்டு.

இன்று அதே மாதிரித் தெருக்களை அடைப்பது தடுப்புக் கட்டை. தாமான் எனப்படும் குடியிருப்பின் நுழைவாயிலில் ஒரு சிறு காவல் குடில், அதன் பக்கத்தில் ஏறி இறங்கும் கம்பம். மற்ற நுழைவுகளில் சிமெண்ட் நிரப்பிய பீப்பாய்கள், அல்லது பூட்டு போட்ட இரும்புக் கதவு. குடியிருப்பவர் அட்டையைக் காட்டினால் கம்பம் எழும். வெளியார் வரிசையில் நின்று, யார் வீட்டுக்கு, எதற்கு, கார் எண் என்ன என்று நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பார்க்கப் பணக்கார அடுக்குமாடி வளாகம் போலத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது அரசாங்கம் தார் போட்ட, நம் வரிப்பணத்தில் விளக்கு எரியும் பொதுத் தெரு.

இந்த மாற்றம் வீம்புக்கு வந்ததல்ல, பயத்தில் வந்தது. அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. வாசலில் கோலம் போட்டவரின் சங்கிலி பறிபோன கதையும், பகலில் பூட்டு உடைபட்ட கதையும் இல்லாத தெரு இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. அரசாங்கமே 2004இல் பாதுகாப்பான நகரத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது.

பயம் அன்றும் இருந்தது, காவல்தான் வேறு மாதிரி. வங்கி வாசலிலும் கடை வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த சீக்கியக் காவலாளிகளான ஜாகாக்களைப் பழைய கோலாலம்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் காத்தது கட்டடத்தை, தெருவை அல்ல. தெருவைக் காக்கும் வேலை 1975இல் ருக்குன் தெத்தாங்கா என்ற பெயரில் குடியிருப்பவர்கள் தலையிலேயே விழுந்தது. அவசரகால விதிகளின் கீழ் ஆண்கள் முறை வைத்து இரவில் ரோந்து போக வேண்டும். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் கையில் டார்ச்சோடு ஒன்றாகச் சுற்றினார்கள். முனகினார்கள், சாக்குச் சொன்னார்கள், ஆனாலும் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். காலப்போக்கில் கட்டாய ரோந்து தேய்ந்து, அக்கம்பக்க நல்லுறவே ருக்குன் தெத்தாங்காவின் முதல் வேலையாயிற்று. 2012இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இதற்கிடையில் காவல், மாதக் கட்டணமாக மாறிவிட்டது. இன்று பல குடில்களில் நிற்பவர் நேப்பாளத்துக்காரர். தனியார் காவல் வேலைக்கு வெளிநாட்டவரில் நேப்பாளிகளை மட்டுமே மலேசியா அனுமதிக்கிறது. ஊருக்குப் புதியவரான அவர்தான், இந்த ஊரிலேயே பிறந்தவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கிறார். அவர் மேல் தவறில்லை. கேட்கச் சொன்னவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? இரண்டு வகைக் குடியிருப்புகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளுக்குத் தரப்படும் ஸ்ட்ராத்தா பட்டா தரைவீடுகளுக்கும் உண்டு என்று 2007இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படிப்பட்ட வளாகத்தில் உள்தெரு வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து. சுவர் எழுப்பலாம், கதவு போடலாம், கட்டணமும் கட்டாயம். நம் தாமான்களில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. வீட்டுக்கு மட்டும் தனிப்பட்டா, தெரு அரசாங்கத்துடையது. இதைக் காவலிடப்பட்ட குடியிருப்பு என்கிறார்கள். 2010இல் நகர்ப்புறத் திட்டமிடல் துறை வெளியிட்ட வழிகாட்டி இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வரைந்தது. இங்கே சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். பொதுத் தெருவில் மதிலோ கம்பியோ எழுப்பி வழியை மறித்தால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும்.

அப்படியென்றால் தடுப்புக் கட்டை சட்டவிரோதமா? இந்தக் கேள்வி கோத்தா டாமன்சாராவின் டி'வில்லா எக்வெஸ்திரியன் குடியிருப்பிலிருந்து நாட்டின் உச்ச மேடையான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. காவல் கட்டணத்தில் தகராறு வந்து, ஒரு வீட்டுக்காரர் கட்ட மறுத்தார். கட்டாதவர்கள் தடுப்புக் கட்டையைத் தாங்களே திறந்துகொள்ளட்டும் என்றது குடியிருப்பாளர் சங்கம். பொதுத் தெருவில் என் வீட்டுக்குப் போக நான் ஏன் காரை விட்டு இறங்கிக் கம்பம் தூக்க வேண்டும் என்பது அவர் வாதம். சாதாரண மனிதனின் நியாயம் அவர் பக்கம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டிலும் அவர் தோற்றார். 2015இல் கூட்டரசு நீதிமன்றமும் அவர் முறையீட்டைத் தள்ளியது. காவல் குடிலுக்கும் கட்டைக்கும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி இருந்தது. வழி முற்றாக அடைபடவில்லை, ஒழுங்குபடுத்தப்பட்டது. கொஞ்சம் அசௌகரியம் என்பது வழக்குப் போடும் அளவுக்குத் தொல்லையாகாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சங்கங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. ஆனால் பலர் அதைப் பாதிதான் படித்தார்கள். தெரு சங்கத்துக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அனுமதி இருந்ததால்தான் கட்டை நின்றது. அனுமதியில்லாமல் இரவோடு இரவாக உருட்டி வைத்த பீப்பாய்க்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. மைகார்ட் என்ற அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் அது துணை வராது. அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகள் பட்டியல் போட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் தனியார் ஜாகா இல்லை.

காரில் போகிறவருக்கு இந்தக் கட்டையால் சில நிமிடம்தான் போகும். உண்மையான விலை கொடுப்பவர் நடந்து போகிறவர். பக்கத்துத் தாமானின் வழியாகக் கோயிலுக்குப் போய்வந்த பாட்டி இப்போது பெருஞ்சாலை ஓரமாகச் சுற்றிப் போகிறார். பள்ளிக்குக் குறுக்கு வழியில் போன பிள்ளைக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிள் தேவைப்படுகிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா தினமும் பெயர் எழுதுகிறார். பீப்பாங் பீப்பாங் என்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ரொட்டி பாய், பால்காரர், கச்சான் பூத்தே விற்றவர் ஆகியோருக்குத் தெரு ஒரு சந்தை. எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல்தான் அவர்கள் தெருவுக்குள் வருவார்கள். "எந்த வீடு?" என்று கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியாது. அவர்கள் இடத்துக்கு இன்று உணவு கொண்டுவரும் கிராப் இளைஞர் வந்திருக்கிறார். அவர் கையில் வீட்டு எண் இருக்கிறது, ஆகவே கம்பம் எழுகிறது.

ஒரு தெருவை அடைத்தால் அதில் போன வண்டிகள் மாயமாகிவிடுவதில்லை, அடுத்த தெருவுக்குப் போகின்றன. அடுத்த தெருக்காரர்களும் பீப்பாய் வாங்குகிறார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தொற்றுக்குப் பயந்து பல தாமான்களில் ஒரே ஒரு வாயிலை விட்டுவிட்டு மற்றதெல்லாம் மூடினார்கள். ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் முள்கம்பியே சுற்றினார்கள். அந்த முள்கம்பி பின்னர் அகன்றது. தாமான்களில் சில மூடல்கள் அப்படியே தங்கிவிட்டன. தற்காலிகம் என்று வைத்தது நிரந்தரமாவதற்கு யாரும் தீர்மானம் போட வேண்டியதில்லை, யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் தமிழருக்கென்று ஒரு நினைவு இருக்கிறது. தெரு திறந்தே கிடந்த பொற்காலம் ஒன்று நமக்கு இருந்ததில்லை. நம் தாத்தாக்கள் வாழ்ந்த தோட்டத்துக்கு வாசல் இருந்தது. தொழிலாளர் லயத்துக்குப் போகும் மண்சாலையும் தோட்ட நிர்வாகியான துரையின் சாலைதான். வெளியார் வர அவர் தயவு வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர். எச். நாதனும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னும் இரண்டு கோரிக்கைகள்: உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், துரையையும் கிராணியையும் எதிரில் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் இறங்கியது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தினமும் போகும் சாலையில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகவும், வருகிறவரைத் தடுக்காமல் இருக்கவும் கிள்ளான் தமிழர்கள் கொடுத்த விலை இது.

அந்தத் தோட்டங்கள் இன்று நகரங்கள். சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று, பூக்கிட் ராஜா தோட்டம் பண்டார் பூக்கிட் ராஜாவாயிற்று. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குப் பட்டணம் முதலில் கொடுத்தது வீடல்ல, யாரையும் கேட்காமல் நடக்கக்கூடிய தெரு. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் தம்பிப்பிள்ளையிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கைவீசி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குடியிருப்பாளர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறார்கள். கம்பத்தை யாருக்குத் தூக்குவது, யாருக்கு இறக்குவது என்று பட்டியல் எழுதுகிறார்கள். அன்று வாசல் துரையின் கையில். இன்று நம் கையில். வாசல் கைமாறியதை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக அடைப்பே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. தைப்பூச இரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் இரவில் நகரின் நடுச்சாலைகள் அடைபடுகின்றன. 2003இல் பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குக் கூரை போட்டு வாகனங்களை விலக்கினார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தெங்கு கிளானாவில் கார் நகராது, மனிதர்தான் நகர்வார். கடைக்காரர்களுக்கும் தற்காலிகக் கூடாரக் கடைகளுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் வாக்குவாதமும் அந்தத் திருவிழாவின் பகுதி. சென்னையில் 2019இல் பாண்டி பஜாரை நடைபாதை வளாகமாக மாற்றியபோதும் கார் நிறுத்துவது எங்கே என்ற சண்டை வந்தது. இந்த அடைப்புகளிலெல்லாம் வண்டி வெளியே நிற்கிறது, ஆள் உள்ளே வருகிறார். தாமான் தடுப்புக் கட்டையில் வண்டிக்கு வழி இருக்கிறது, ஆள்தான் விசாரிக்கப்படுகிறார்.

இதைப் பேசித் தீர்க்க ஒரு மன்றம் வேண்டும். அங்கேதான் சிக்கல். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அந்தக் கதவை நிரந்தரமாகவே சாத்தியது. கவுன்சிலர்கள் நியமிக்கப்படுகிறார்கள், கோலாலம்பூர் மேயரும் நியமனம்தான். தெருவை அடைக்க அனுமதி தரும் மன்றத்தை அந்தத் தெருக்காரரும் தேர்ந்தெடுப்பதில்லை, அடுத்த தெருக்காரரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே விவாதம் என்பது சங்கம் ஒரு பக்கம், அதிகாரி ஒரு பக்கம் என்று இரண்டு பேருக்குள் முடிந்துவிடுகிறது. நடந்து போகிற பாட்டிக்கு எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அட்டை இல்லை.

தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் ஊராட்சி மன்றங்கள் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. அனுமதி எண்ணையும் அது காலாவதியாகும் தேதியையும் கட்டையின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லலாம். எந்த நுழைவை அடைத்தாலும், சக்கர நாற்காலி புகும் அகலத்தில் நடப்பவருக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். 1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் மாதிரி வட்டாரத்தில், நடைபாதையில் பீப்பாய் வைப்பது என்ன விளைவிக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அனுமதியைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்கு உள்ளே குடியிருப்பவர்களை மட்டும் அழைக்கக் கூடாது. பக்கத்துத் தெருக்காரருக்கும், அந்த வழியாக நடந்து வேலைக்குப் போகிறவருக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும். சம்மதக் கையெழுத்துகளின் கணக்கில் அவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபிறகும் பெரும்பான்மை இருக்கிறதென்றால், கட்டை நிற்கட்டும்.