பிரான்சில் படிக்கப் போகிறவர்களுக்கு: சனி ஞாயிறு யாருக்குச் சொந்தம்?

காரைக்காலில் ஒரே தெருவில் இரண்டு வகை பாஸ்போர்ட் இருக்கும். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டில் அது சட்டப்படி உறுதியானது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளும், இந்திய பாஸ்போர்ட்டில் விசா குத்திப் போகிறவர்களும் இன்று பிரான்சில் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். இருவருக்கும் ஆசை ஒன்றுதான்: வாராவாரம் ஓர் ஊர் பார்த்துவிட வேண்டும்.

முடியுமா? போகலாம், ஆனால் வாராவாரம் இரண்டு நாளும் முடியாது.

வாரத்துக்கு 25 மணி நேரம்தானே வகுப்பு, மற்ற நேரம் சும்மாதானே? இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் படிப்பை ஈசிடிஎஸ் (ஒரு பாடத்துக்கு ஆகும் உழைப்பை அளக்கும் கிரெடிட் முறை) கொண்டு கணக்கிடுகிறார்கள். செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். அறையில் உட்கார்ந்து படிப்பதும் எழுதுவதும் அதில் சேர்த்தி. குறைந்தது 750 மணி நேரம் ஆகிறது. 16 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 47. வகுப்பு போக 22 மணி நேரம் நீங்களாகப் படிக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் மூன்று மூன்று மணி நேரம் படித்தாலும் இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி. அது சனி ஞாயிறில் ஒரு நாளைத் தின்றுவிடும்.

எந்த நாளைப் படிப்புக்கு வைப்பது? சனிக்கிழமையை. ஞாயிறன்று பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் மூடியிருக்கும். ஞாயிறு ஊர் சுற்ற நல்ல நாளும்கூட: மாதத்தின் முதல் ஞாயிறு பல அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம்.

வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பை விட்டுவிட்டு மதியமே கிளம்பினால் என்ன? எந்த வகுப்பு என்பதைப் பொறுத்தது. பெரிய அரங்கில் நடக்கும் விரிவுரையில் பல இடங்களில் உங்களை யாரும் தேடமாட்டார்கள். ‘தே-தே’ (சிறு குழுவாகப் பயிற்சி செய்யும் வகுப்பு) அப்படியல்ல. அங்கே பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பார்கள். நம் ஊரில் 75 சதவீதம் வருகை இருந்தால் போதும் என்று பழகியிருப்பீர்கள். அங்கே காரணம் காட்டாமல் இரண்டு மூன்று முறை வராவிட்டாலே சில துறைகளில் ‘தெஃபயான்’ (தேர்வை நிறைவு செய்யாதவர்) என்று எழுதிவிடுவார்கள்.

இது ஃபெயில் மார்க்கைவிட மோசம். 20-க்கு 10 வாங்கினால் பாஸ். ஒரு பாடத்தில் 8 வந்தாலும் இன்னொன்றில் வாங்கிய 13 அதைத் தூக்கிவிடும். ஆனால் தெஃபயான் என்று விழுந்துவிட்டால் சராசரியே போடமாட்டார்கள். அந்த 13 கையில் இருந்தும் பயனில்லை. ‘ரத்ராபாஜ்’ (மறுதேர்வு) எழுத வேண்டியதுதான்.

அதோடு முடிகிறதா? இல்லை. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, ‘இவர் உண்மையாகவே படிக்கிறாரா’ என்று ‘பிரெஃபெக்தூர்’ (நம் கலெக்டர் அலுவலகம் மாதிரி) மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அரசு உதவித்தொகை வாங்கினால் வருகை கட்டாயம். வராதவர்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

சரி, ஒரே நாளில் எங்கே போகலாம்? பாரிஸில் இருந்தால் ரேம்ஸ் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஸ்ட்ராஸ்பூரில் படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: டிராம் ஏறினால் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊரில் இறங்கலாம், வாஞ்சூர் தாண்டி நாகூர் போகிற மாதிரி. 27 வயதுக்குள் என்றால் ரயில்வேயின் இளைஞர் சலுகை அட்டையை வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு 49 யூரோ, அதிவேக ரயிலில் 30 சதவீதம் தள்ளுபடி.

ரோம், பிராக் போன்ற தூரத்து ஊர்களை அக்டோபர் கடைசி விடுமுறைக்கோ பிப்ரவரிக்கோ வையுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையை நம்பாதீர்கள். பல இடங்களில் ஜனவரி பிறந்ததும் தேர்வு.

பிரெஞ்சு விசா இருந்தால் எல்லா நாட்டுக்கும் போகலாமா? ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட 29 நாடுகள்) பகுதிக்குள் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை. ஆனால் பிரான்ஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிந்து உறுதி செய்திருக்க வேண்டும். லண்டன் பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான், ஆனாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். அயர்லாந்துக்கும் அப்படியே. பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள நண்பன் கிளம்புகிறானே என்று கூடவே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விசா முடிந்து புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் எல்லை தாண்டாமல் இருப்பது நல்லது.

20 யூரோ விமான டிக்கெட் லாபமா? போவே விமான நிலையம் பாரிஸ் பெயரில் இருந்தாலும் ஊரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர்; பஸ் செலவு தனி. மலிவு விமானங்கள் சிலவற்றில் ஐரோப்பியர் அல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுன்டரில் விசாவைக் காட்டியாக வேண்டும். வரிசை நீளமாக இருக்கும், சீக்கிரம் போங்கள்.

காரைக்கால் பிள்ளைகளின் சனி ஞாயிறை ரோமைவிட அதிகம் விழுங்குவது சொந்தக்காரர் வீடு என்பது என் எண்ணம். சார்செல் போன்ற பாரிஸ் புறநகர்களில் சித்தியோ மாமாவோ இருப்பார். காதுகுத்து, பிறந்தநாள், வளைகாப்பு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். போனால் ராத்திரி தங்காமல் விடமாட்டார்கள். தேர்வுத் தேதிகளை ஊரில் அம்மாவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். “பரீட்சை இருக்கு, அடுத்த மாசம் வருவான்” என்று அவர் போன் போட்டுச் சொன்னால் சித்தி கேட்டுக்கொள்வார். நீங்களே சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.