பொரித்த கோழி காப்பாற்றிய ஆல்பம் தெரியுமா?

ஒரு கடை ஊழியர் ஒரு ரவுடிக்குக் காசு வாங்காமல் பொரித்த கோழி கொடுத்தார். அதனால்தான் புலிட்சர் பரிசு பெற்ற ஒரு ராப் ஆல்பம் உலகத்துக்குக் கிடைத்தது, தெரியுமா?

கென்ட்ரிக் லாமரின் ‘டேம்’ ஆல்பத்தில் கடைசிப் பாட்டு சொல்லும் நிஜக் கதை இது. கடை ஊழியர், கென்ட்ரிக்கின் அப்பா. டக்கி என்று கூப்பிடுவார்கள். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் வந்து ஒரு கேஎஃப்சி கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறான் அந்தோணி என்ற இளைஞன். ஆள் எப்படிப்பட்டவன் என்று டக்கிக்குத் தெரியும். அவன் வரும்போதெல்லாம் கோழி இலவசம், கூடவே இரண்டு பிஸ்கட். ஆளைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் சாமர்த்தியம், அவ்வளவுதான். அந்தோணியும் டக்கி மேல் கை வைக்காமல் விட்டுவிடுகிறான்.

பல வருடம் கழித்து அந்தோணி திருந்தி, ஒரு ராப் கம்பெனி தொடங்குகிறார். அங்கே ஒப்பந்தம் போட வந்த பதின்வயதுப் பையன் யார் என்கிறீர்கள்? டக்கியின் மகன்! அன்றைக்குத் துப்பாக்கி வெடித்திருந்தால் அந்தோணி ஆயுளுக்கும் சிறையில், நான் அப்பா இல்லாமல் வளர்ந்து தெருச் சண்டையில் செத்திருப்பேன் என்று கென்ட்ரிக் பாடி முடிக்கும்போது ஒரு வெடிச் சத்தம். டேப் சர்ரென்று பின்னால் ஓடுகிறது. ஆல்பத்தில் கென்ட்ரிக் பேசும் முதல் வரி மறுபடி ஒலிக்கிறது!

‘டேம்’ வெளியானது 2017 ஏப்ரல் 14, புனித வெள்ளி. (நமக்குச் சித்திரை ஒன்று.) முதல் பாட்டிலேயே நாயகனைச் சுட்டுவிடுகிறார்கள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒரு கண் தெரியாத அம்மாவுக்கு உதவப் போன இடத்தில் சாவு. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளிக்கிழமை செத்தவர் ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுவார், ஈஸ்டர் அன்று இரண்டாவது ஆல்பம் வரும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தார்கள். பொருத்தம் பிரமாதம். ஆல்பம்தான் வரவில்லை!

ஆனால் விடை அவர்கள் காதிலேயே இருந்தது. அந்த டேப் ஏன் பின்னால் ஓடுகிறது? 14 பாட்டுகளையும் கடைசியிலிருந்து முதலுக்குக் கேளுங்கள். அப்பாவின் சமயோசிதத்தில் தொடங்கி மகனின் சாவில் முடிகிற வேறொரு கதை கிடைக்கும். அதே வருடம் டிசம்பரில் வரிசையைத் தலைகீழாக மாற்றி ஒரு பதிப்பே போட்டுவிட்டார் கென்ட்ரிக். என்னைக் கேட்டால் தலைகீழ் வரிசைதான் கனம். நேர் வரிசையில் கடைசிப் பாட்டு தரும் நிம்மதி அதில் இல்லை. 2018இல் புலிட்சர் வந்தது. 1943இல் இசைக்கான புலிட்சர் தொடங்கியதிலிருந்து சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே பரிசு போனது அப்போதுதான் முதல் தடவை!

இந்த ஆள் செத்தவரோடும் பேசியிருக்கிறார், தெரியுமா?

2015இல் வந்த ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ ஏறக்குறைய 79 நிமிடம் ஓடும். முதல் தடவை கேட்பவருக்கு ஒரு குழப்பம் வரும்: பாட்டுக்கு நடுவில் இவர் என்னத்தையோ வாசிக்கிறாரே, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரே என்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் கவிதை இன்னும் கொஞ்சம் நீளும். கடைசிப் பாட்டு 12 நிமிடம். அதில்தான் கவிதை முழுசாக வரும், அப்போதுதான் அதை யாருக்கு வாசித்துக் காட்டுகிறார் என்பதும் தெரியும். டூபாக் ஷகூருக்கு! 1996இல் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ராப் பாடகர் சாவகாசமாக உட்கார்ந்து பதில் சொல்கிறார். எப்படி? 1994இல் ஒரு ஸ்வீடன் பத்திரிகையாளர் எடுத்த வானொலிப் பேட்டி. கேள்விகளை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கென்ட்ரிக் தன் குரலை வைத்துவிட்டார். கடைசியில் பட்டாம்பூச்சியைப் பற்றி ஒன்றை வாசித்துவிட்டு, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. ஆல்பம் முடிந்தது! எட்டு வயதில், தான் வளர்ந்த காம்ப்டன் ஊர்த் தெருவில் டூபாக்கும் இன்னொரு ராப் பாடகர் டாக்டர் டிரேயும் வீடியோ எடுத்ததை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பையன் இவர் என்று தெரிந்தபிறகு கேட்டால், அந்த மௌனம் இன்னும் கனக்கிறது.

அதற்கு முந்தைய ‘குட் கிட், மேட் சிட்டி’யில் (2012) அம்மா, அப்பா இருவரும் நிஜக் குரலிலேயே வருகிறார்கள். பையன் வெளியே உயிர் போகிற சிக்கலில் இருக்க, வேனைக் கொண்டுவந்து விடு என்று போனில் அம்மா கத்துகிறார். அப்பாவுக்கு அவருடைய டாமினோ காய்கள் எங்கே என்ற கவலை!

கென்ட்ரிக்குக்கு முன்பே தலைகீழாகக் கதை சொல்லிவிட்டது ‘தி ரூட்ஸ்’ ராப் குழு. 2011இல் வந்த ‘அன்டன்’, நாயகனின் இதயத் துடிப்பு நின்றுபோகும் மருத்துவமனைச் சத்தத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும். அவன் பெயர் ரெட்ஃபோர்ட் ஸ்டீபன்ஸ், 1974–1999. கல்வெட்டு மாதிரி தேதியெல்லாம் இருக்கிறது, ஆள் மட்டும் கற்பனை!

ராப் பாடகர் கோஸ்ட்ஃபேஸ் கில்லாவின் ‘ட்வெல்வ் ரீசன்ஸ் டு டை’ (2013) கேட்டால் அம்புலிமாமா தோற்றுப்போகும். 1960களின் இத்தாலியில் ஒரு மாஃபியா குடும்பம் தன் முன்னாள் அடியாளைக் கொன்று, உடலை உருக்கி, 12 இசைத்தட்டுகளாக வார்த்துவிடுகிறது. தட்டைச் சுழலவிட்டால் பேய் எழுந்து வந்து பழிவாங்குமாம். பூச்சுற்றல்தான், ஆனால் என்ன அழகான பூச்சுற்றல்!

விண்வெளிக்கும் போயிருக்கிறார்கள். ‘கிளிப்பிங்’ குழுவின் ‘ஸ்ப்ளெண்டர் அண்ட் மிசரி’யில் (2016) அடிமைகளை ஏற்றிச் செல்லும் விண்கலத்தில் கலகம். மிஞ்சியவன் ஒருவன். கலத்தின் கணினிக்கு அவன்மேல் காதல் வந்துவிடுகிறது! அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதின் 2017 இறுதிப் பட்டியலில், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் பகுதிகளோடு இந்த ராப் ஆல்பமும் நின்றது. பாடியவர் டவீட் டிக்ஸ். ‘ஹாமில்டன்’ நாடகத்தில் ஜெஃபர்சனாக வந்து டோனி விருது வாங்கியவர். அந்த நாடகமும் முதலில் ஒரு ஹிப்ஹாப் கான்செப்ட் ஆல்பமாகத்தான் (முழுக்க ஒரே கதை சொல்லும் ஆல்பம்) யோசிக்கப்பட்டது, 2009இல் வெள்ளை மாளிகையில் ஒபாமா முன்னால் அப்படிச் சொல்லித்தான் அதன் முதல் பாட்டைப் பாடினார்கள்!

எனக்கு மிகப் பிடித்தது இங்கிலாந்தின் ‘தி ஸ்ட்ரீட்ஸ்’ 2004இல் போட்ட ஆல்பம். விண்வெளி, பேய், கொலை எதுவும் கிடையாது. வீட்டில் வைத்திருந்த 1000 பவுண்டைக் காணோம். மொத்தக் கதையே அதுதான்! நடுவில் காதல் வருகிறது, போகிறது, நண்பன்மேல் சந்தேகம் வருகிறது. கடைசிப் பாட்டுக்கு இரண்டு முடிவுகள். முதலாவதில் உதவ வந்த நண்பனை விரட்டிவிட்டு, டிவி ரிப்பேர்காரரோடு அடிதடியில் முடிகிறது. டேப் திரும்ப ஓடி, இரண்டாவது முடிவு. இப்போது நண்பனை வீட்டுக்குள் விடுகிறான். அவன் டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கிறான். பணம் முழுசாக உள்ளே விழுந்து கிடக்கிறது! டிவி கெட்டுப்போய்விட்டது என்று நாயகன் முதல் பாட்டிலேயே புலம்பியிருப்பான். யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.